கரிசல் நிலத்தில் அடைக்கலம்

முன்னுரை

ஆல் நிழல் தருவது. குளம் நீர் தருவது. இவ்விரண்டும் இணைந்த ஆலங்குளம் என்னும் பெயரால் தமிழகத்தில் ஊர்கள் பல வழங்குகின்றன. அவற்றுள் தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் பலரும் அறிந்தது. நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது அதுவன்று. விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசிக்கும் இராசபாளையத்துக்கும் தெற்கே, கரிசல் மண் சூழ அமைந்த ஆலங்குளமாகும். இவ்வூரில் சுண்ணாம்புக்கல் மிகுதியாகக் கிடைத்தலின், 1970-ஆம் ஆண்டளவில் அரசாங்கத்தாரால் சிமென்ட் ஆலை ஒன்று நிறுவப்பெற்றது. இதற்கு அணித்தே வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடைபெற்ற அகழாய்வுகள், சங்கு வளையல் அறுத்தலும் மணி கோத்தலும் பண்டைக் காலத்திலேயே இப்பகுதியில் சிறந்திருந்தமையைக் காட்டியுள்ளன. கடலிற் பிறக்கும் சங்கு உள்நாட்டுக் கரிசலில் வளையலாயிற்று எனின், வெளியினின்று வரும் பொருளும் மக்களும் இந்நிலத்துக்குப் புதியர் அல்லர் என்பது தெளிவு.

இவ்வட்டாரத்தில் இன்று வாழும் மக்களுள் பெரும்பாலோர் தம் முன்னோர் வேறோர் இடத்தினின்று வந்தவர் என்றே கூறுவர். வீட்டில் தெலுங்கு பேசுவோர் உளர். கன்னடம் பேசும் நெசவாளர் உளர். இவர்களோடு, 1983-க்குப் பின் கடல் கடந்து வந்து முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரும் உளர். முன்னவர் வேற்று மொழியினராயினும் இந்நாட்டுக் குடிகள். பின்னவர் தமிழே பேசுவோராயினும் சட்டத்தின் முன் அயல்நாட்டார். இம்முரண்பாடு எவ்வாறு தோன்றியது? புகல் தேடி வந்த ஒரு கூட்டத்தார் குடிகளாக மாறுவதும் மாறாமல் நிற்பதும் எதனால்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் மரபும்

முதற்கண் சொற்களை ஆராய்வோம். அடைக்கலம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒருவரிடம் காக்குமாறு ஒப்புவிக்கப்பட்ட பொருள் என்பது ஒன்று. ஒருவர் சென்று சேரும் காவலிடம் என்பது மற்றொன்று. முன்னதிற் காப்பவரின் கடமை விளங்குகின்றது. பின்னதில் வருபவரின் தேவை விளங்குகின்றது. புகல் என்பது புகுதற்குரிய இடம். அகதி என்பதோ வடசொல். கதியற்றவர் என்பதே அதன் பொருள். அடைக்கலமும் புகலும் கொடுப்பவரையும் பெறுபவரையும் ஒருங்கே உணர்த்தும் சொற்கள். அகதி என்பது பெறுபவரின் இல்லாமையை மட்டும் உணர்த்துவது. முகாம்களில் வாழ்வோர் இச்சொல்லை விரும்பாமையின் காரணம் இதனால் விளங்கும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசாங்கத்தார், அகதிகள் முகாம் என்னும் பெயரை நீக்கி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என வழங்குமாறு அறிவித்தமை ஈண்டுக் கருதற்பாலது.

இலக்கியத்தில் அடைக்கலம் இரு வகையாகக் காணப்படுகின்றது: கொடுக்கப்பட்ட அடைக்கலம் ஒன்று, மறுக்கப்பட்ட அடைக்கலம் மற்றொன்று. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில், சோழநாட்டினின்று வந்த கண்ணகியைக் கவுந்தியடிகள் மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் ஒப்புவிக்கின்றார். அவ்வடைக்கலத்தைக் காக்க இயலாமற் போனமையால் மாதரி தீப்புகுந்தாள் என்பது பின்னர் நீர்ப்படைக் காதையாற் பெறப்படும். ஆயர் சேரி தன் கடமையில் வழுவவில்லை, வழுவியது அரசவையே. அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவனை ஆராயாது தண்டித்தமையே பாண்டியன் செய்த பிழை. மக்கள் காட்டும் பரிவு வேறு, அரசு வழங்கும் நீதி வேறு என்னும் வேற்றுமையை இக்காப்பியம் புலப்படுத்துகின்றது.

மறுக்கப்பட்ட அடைக்கலத்துக்குப் பாரி மகளிர் வரலாறு சான்றாகும். மூவேந்தரால் பாரி மாண்டபின், கபிலர் அம்மகளிரை அழைத்துச் சென்று விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் மணம் வேண்டினார். இருவரும் மறுத்தனர். வெற்றி பெற்ற வேந்தர்க்கு அஞ்சியே அவர்கள் மறுத்தனர் எனக் கருதுதல் பொருந்தும். அடைக்கலம் கொடுத்தல் அருள் மட்டுமன்று; அஃது ஓர் அரசியற் செயலுமாம் என்பது இதனாற் பெறப்படும்.

இடைக்காலத்தின் பிற்பகுதியைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டுகளில் 'அஞ்சினான் புகலிடம்' என்னும் தொடர் பயில்கின்றது. பூசலும் கொள்ளையும் மிக்கிருந்த காலத்தில், குறித்த சில இடங்களில் அஞ்சி வந்தோர்க்குக் காவல் அளிக்கப்படும் என உறுதி கூறிக் கல்லிற் பொறித்து வைத்தனர். இத்தொடரிற் சாதியோ ஊரோ மொழியோ கூறப்படவில்லை. அச்சம் ஒன்றே தகுதியாகக் கூறப்பட்டுள்ளது. இன்றைய அனைத்துலகச் சட்டம் அகதிக்கு இலக்கணம் கூறுங்கால், தக்க காரணம் உடைய அச்சத்தையே அடிப்படையாகக் கொள்கின்றது. இவ்வொற்றுமை நோக்கத்தக்கது. ஆயின் ஒரு வேற்றுமையும் உண்டு. கல்வெட்டிற் காணப்படும் புகலிடம் காவலுக்கு மட்டுமே உறுதி கூறுகின்றது; அங்குப் புகுந்தோர் பின்னர் எவ்வாறு குடியாவர் என்பதை அத்தொடர் கூறவில்லை.

வடக்கினின்று வந்தோர்

குடியாதல் எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்குக் கரிசல் நிலத்துத் தெலுங்கு மக்களின் வரலாறு விடை தரும். கம்பளத்தார், கம்மவார், ரெட்டியார், இராசபாளையத்து இராசுக்கள், அருந்ததியர் முதலியோர் தெலுங்கு பேசுவோர். அருப்புக்கோட்டைத் தேவாங்கர் கன்னடம் பேசுவோர். இவர்களுட் சில சாதியாரிடையே வழங்கும் கதை ஒன்று உண்டு. முசுலிம் அரசன் ஒருவன் தம் குலப்பெண்ணை விரும்பிக் கேட்டான் என்றும், கொடுக்க மனமின்றி இரவோடிரவாக ஓடி வந்தனர் என்றும், வழியில் ஆறு குறுக்கிட்டபோது கரையில் நின்ற புங்க மரம் வளைந்து பாலமாயிற்று என்றும் அக்கதை கூறும். 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனாரின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூலில் இக்கதை இடம் பெற்றுள்ளது. கி. இராசநாராயணன் இதனை அடிப்படையாகக் கொண்டே 1976-இல் கோபல்ல கிராமம் என்னும் புதினத்தை எழுதினார்.

இக்கதையை வரலாற்றுச் செய்தியாக அவ்வாறே கொள்ளுதல் இயலாது. பல சாதியார் ஒரே கதையைத் தமதாகக் கூறுதல் ஒரு காரணம். மற்றொரு காரணம், தெலுங்கு மக்கள் எல்லோரும் அஞ்சி ஓடி வந்தவர் அல்லர் என்பது. விசயநகரப் படையெடுப்புகளோடு படைத்தலைவராகவும் வீரராகவும் வந்தோர் பலர். பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் மதுரையில் ஆட்சியை நிறுவியபின் ஏற்படுத்தப்பட்ட பாளையங்களுட் பல அவர்கள் வசமாயின. எட்டயபுரம் அரசரின் வரலாற்றைக் கூறும் வம்சமணி தீபிகை அவர்தம் முன்னோரைச் சந்திரகிரியோடு தொடர்புபடுத்துகின்றது. எனவே வந்தோருள் ஆட்சியாளரும் இருந்தனர். ஏழைக் குடியானவரும் இருந்தனர்.

ஆயினும் அக்கதையைப் பொய் எனத் தள்ளிவிடுதலும் முறையன்று. படையோடு வந்தவர் தம்மைப் படையெடுத்தோர் எனக் கூறாது புகல் தேடி வந்தோர் எனக் கூறிக்கொண்டனர். இந்நிலத்தில் வாழும் உரிமைக்கு வெற்றியைக் காட்டிலும் துன்பமே தக்க சான்று என அவர்கள் கருதினர் போலும். அடைக்கலம் புகுந்தோர் என்னும் பெயர் அக்காலத்தில் இழிவாகக் கருதப்படவில்லை என்பதற்கும் இக்கதையே சான்று.

இவர்கள் குடியானமைக்கு முதற் காரணம் நிலம். ஆற்றங்கரை நன்செய்களில் முன்னரே தமிழ் வேளாளரும் பிறரும் நிலைபெற்றிருந்தனர். புன்செய்க் கரிசலோ மக்கள் அருகிய நிலமாகக் கிடந்தது. தக்காணத்துக் கரிசலில் பழகியிருந்த தெலுங்கர்க்கு அம்மண்ணில் பருத்தியும் சிறுதானியமும் விளைவிக்கும் முறை தெரிந்திருந்தது. நெல்லைச் சீமையின் உழவர் வரலாற்றை ஆராய்ந்த டேவிட் லட்டன் 1985-இல் வெளியிட்ட நூலில் இக்குடியேற்றத்துக்கும் மண்ணின் இயல்புக்கும் உள்ள தொடர்பை விளக்கியுள்ளார். வந்தோர் நிலத்தைத் திருத்தினர். நிலம் அவர்களைக் குடியாக்கிற்று. மொழியை அவர்கள் விடவில்லை. இன்றும் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் வழங்குவோர் பலர். கரிசல் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்து அகராதி செய்த கி. இராசநாராயணனே தெலுங்கு பேசும் குடும்பத்திற் பிறந்தவர். தமிழ் வட்டார வழக்கின் தலைசிறந்த காவலர் ஒருவர் அயன்மொழிக் குடியிற் பிறந்தார் என்பது தமிழ் ஆராய்வார் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தியாகும்.

ஈண்டு மற்றொன்றையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. வந்தோர் அனைவர்க்கும் ஒரே வகைப் புகல் கிடைக்கவில்லை. தெலுங்கு பேசும் அருந்ததியர் தோல் வேலையும் தூய்மைப் பணியும் செய்வோராக ஊரின் ஓரத்தில் நிறுத்தப்பட்டனர். நிலம் அவர்கள் கைக்கு வரவில்லை. 2009-இல் பட்டியற் சாதியினர்க்குரிய ஒதுக்கீட்டினுள் அவர்களுக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளிக்கப்பட்டமை, அந்நெடிய தாழ்வுக்குக் காலம் கடந்து செய்யப்பட்ட பரிகாரமேயாம். நிலம் பெற்றோர் சில தலைமுறையில் ஊரின் தலைவராயினர். நிலம் பெறாதார் பல தலைமுறைக்குப் பின்னும் ஓரத்திலேயே நின்றனர். மொழி இருவர்க்கும் ஒன்றே. வேறுபட்டது நிலமும் சாதியுமே.

கடல் கடந்து சென்றோர்

இந்நிலம் மக்களை ஏற்றது மட்டுமன்று, வெளியேற்றியதும் உண்டு. கரிசல் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் வேலை இல்லை. வேலை இல்லையேல் கஞ்சி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், குறிப்பாக 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சத்தில், இராமநாதபுரம், மதுரை, நெல்லைச் சீமைகளினின்றும் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளினின்றும் மக்கள் இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்றனர். கங்காணிமார் அவர்களை அழைத்துச் சென்றனர். முதலிற் காப்பித் தோட்டங்களிலும், 1869-இல் தோன்றிய இலைநோயால் காப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களிலும் அவர்கள் உழைத்தனர். 1914-இல் தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்போக்குவரத்துத் தொடங்கியபின் பயணம் எளிதாயிற்று. தொழிலாளரைச் சோதித்து அனுப்புதற்கென மண்டபத்தில் அமைந்த முகாமே பிற்காலத்தில் ஈழத்தினின்று வரும் மக்களை ஏற்கும் முகாமாக மாறிற்று. போனவர் போன வாயிலே வருபவர் வரும் வாயிலாயிற்று.

இலங்கை 1948 பெப்ரவரியில் விடுதலை பெற்றது. அதே ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாத்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதன்படி 9,75,000 மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974-இல் உடன்பாடு ஏற்பட்டது. இவ்வொப்பந்தங்களைச் செய்யுங்கால் அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை.

இவ்வாறு வந்தோரை அரசாங்கம் 'தாயகம் திரும்பியோர்' என்றது. அவர்களுட் பலர் இலங்கையிலேயே பிறந்தவர். தாயகத்தை அன்றுதான் முதன்முறையாகக் கண்டனர். அவர்களுக்கு வேலையளிக்கும் பொருட்டு 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. வணிகக் கடனும் வழங்கப்பட்டது. அக்கடன்களுக்கென 1969-இல் தனி வங்கி ஒன்றும் நிறுவப்பெற்றது. பர்மாவில் 1962-இல் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின் தொழிலும் உடைமையும் இழந்து கப்பலேறி வந்த தமிழர்க்கும் இத்தகைய உதவிகள் அளிக்கப்பட்டன. குறைகள் பல இருந்தன. கடன் போதாமற் போயிற்று. ஊர்மக்கள் சிலவிடத்து அவர்களை அயலாராகவே நோக்கினர். ஆயினும் அவர்களுக்குக் குடியுரிமைச் சான்று கையில் இருந்தது. வாக்களிக்கவும் நிலம் வாங்கவும் அரசுப்பணி பெறவும் தடை இருக்கவில்லை. அதனால் ஒரு தலைமுறைக்குள் அவர்கள் மற்ற மக்களோடு கலந்து வாழலாயினர்.

கடல் கடந்து வந்தோர்

1983 சூலையில் இலங்கையில் நிகழ்ந்த இனப்படுகொலைக்குப் பின் மக்கள் படகேறி இராமேசுவரம் கரையை அடையலாயினர். 1983 முதல் 1987 வரை ஒரு கூட்டமும், 1990 சூனில் போர் மீண்டும் மூண்டபின் மற்றொரு கூட்டமும், 1996-இலும் 2006-க்குப் பின்னும் மேலும் கூட்டங்களும் வந்தன. 1983 முதல் 2010 வரை பதிவு செய்யப்பட்டோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர். 2021-ஆம் ஆண்டளவில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், முகாம்களுக்கு வெளியே காவல்நிலையத்திற் பதிவு செய்துகொண்டு ஏறத்தாழ 34,000 பேரும் வாழ்ந்தனர்.

விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, ஆனைக்குட்டம், செவலூர், மல்லாங்கிணறு, கண்டியாபுரம், மொட்டமலை முதலிய இடங்களில் முகாம்கள் உள்ளன. இவற்றுட் குல்லூர்சந்தையும் ஆனைக்குட்டமும் நீர்த்தேக்கம் அமைந்த ஊர்கள். தொடக்கத்தில் பத்தடிக்குப் பத்தடி அளவில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்னும் கணக்கிலேயே முகாம் குடிசைகள் பொதுவாக அமைந்தன. சில திங்கள் தங்குதற்கெனக் கட்டப்பட்டவற்றிலேயே குழந்தைகள் பிறந்து, வளர்ந்து, மணம் செய்து, தாமும் குழந்தை பெற்றனர். பெற்றோரும் மணமான மக்களும் ஓரறையில் வாழ நேர்ந்த துன்பத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதல் எட்டாண்டுகளில் தமிழக மக்கள் காட்டிய பரிவு பெரிது. 1991 மே 21-இல் இராசீவ் காந்தி கொல்லப்பட்டபின் நிலைமை மாறிற்று. ஒரு குழுவினர் செய்த கொலைக்காக முகாம் மக்கள் அனைவரும் ஐயத்துக்கு உள்ளாயினர். கல்விக்கூடங்களிற் சேர்தற்குத் தடைகள் எழுந்தன. 1992 முதல் பல்லாயிரவர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் விருப்பத்தோடு செல்கின்றனரா என்னும் வினா சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. அதன்பின் ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையத்தார் சென்னையில் அலுவலகம் அமைத்து, திரும்பிச் செல்வோரின் விருப்பத்தை உசாவலாயினர். விச்சிக்கோன் காலத்தைப் போலவே, அடைக்கலம் அரசியற் காற்றுக்கு ஏற்ப விரிந்தும் சுருங்கியும் வந்தது.

அரசாங்கத்தார் செய்த நன்மைகளையும் கூறுதல் வேண்டும். பணக்கொடையும் மலிவு விலை அரிசியும் தொடர்ந்து வழங்கப்பட்டன. குழந்தைகள் அரசுப் பள்ளிகளிற் பயின்றனர். சா. ஜே. வே. செல்வநாயகத்தின் மகனார் சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் கல்வித்துறையில் ஆற்றிய தொண்டு குறிப்பிடத்தக்கது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ஏறத்தாழ 317 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டங்களை அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருதல் அவற்றுள் முதன்மையானது. குடும்பத் தலைவர்க்குரிய மாதப் பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாகவும், மற்றப் பெரியோர்க்கு 750-லிருந்து 1,000 ரூபாயாகவும், சிறுவர்க்கு 400-லிருந்து 500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது.

ஆயினும் வீடு வேறு, வீட்டுரிமை வேறு. முகாமில் வாழ்வோர் குறித்த நாளில் அதிகாரிகள் முன் நின்று தம் இருப்பைக் காட்டுதல் வேண்டும். வெளியூரில் வேலை கிடைத்தாலும் அந்நாளுக்குத் திரும்புதல் வேண்டும். ஆகவே அவர்களுட் பெரும்பாலோர் சுவர்க்கு வண்ணம் பூசுதல், கட்டட வேலை முதலிய நாட்கூலித் தொழில்களையே சார்ந்துள்ளனர். பட்டம் பெற்ற இளைஞரும் அரசுப்பணிக்கு விண்ணப்பிக்க இயலாமையால் தந்தையின் வண்ணத் தூரிகையையே கையில் எடுக்க நேர்கின்றது. 1923-இல் இரு இளைஞர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தமையால் சிவகாசி வறட்சியை வென்று தொழில் நகரமாயிற்று என்பர். அவர்கள் கல்கத்தாவுக்குச் செல்லத் தடை எதுவும் இருக்கவில்லை. முகாம் இளைஞர்க்கு ஊர்விட்டு ஊர் செல்லும் அவ்வுரிமையே கட்டுக்குட்பட்டது.

இன்னும் ஒரு செய்தி நம் உள்ளத்தை வருத்துவது. முகாம்களில் வாழ்வோருட் கணிசமான பகுதியினர் மலைநாட்டுத் தமிழரின் வழிவந்தவர். 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டங்களைவிட்டுத் துரத்தப்பட்ட அவர்கள் வவுனியா முதலிய வடபகுதிகளிற் குடியேறினர். போர் மூண்டபின் அங்கிருந்தும் ஓடி இந்தியா வந்தனர். பஞ்சத்துக்கு அஞ்சி இதே சீமையினின்று சென்றோரின் கொள்ளுப்பேரர், போருக்கு அஞ்சி இதே சீமைக்குத் திரும்பினர். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி கடவுச்சீட்டோடு கப்பலில் வந்தவர் இந்தியர் ஆயினர். அதே குலத்தவர் இருபதாண்டு கழித்துப் படகில் வந்தமையால் அயல்நாட்டார் ஆயினர். முன்னோர் ஒருவரே, கரை ஒன்றே, வந்த கலம் மட்டுமே வேறு.

சட்டத்தின் நிலை

ஐக்கிய நாடுகளின் 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் அதனை விரிவுபடுத்திய 1967-ஆம் ஆண்டு இணைப்பு உடன்பாட்டிலும் இந்தியா கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச்சட்டமும் இயற்றவில்லை. ஆங்கிலேயர் காலத்து 1946-ஆம் ஆண்டு அயல்நாட்டார் சட்டமே நெடுங்காலம் வழங்கிற்று. 2025-இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. அகதி வேறு, அனுமதியின்றி வந்த அயல்நாட்டார் வேறு என்னும் பாகுபாடு இவற்றில் இல்லை. ஆகவே ஒவ்வொரு கூட்டத்தாரும் அவ்வப்போதைய அரசாணைகளின் வழியே நடத்தப்பட்டனர்.

இதன் விளைவு வேற்றுமையான நடத்துமுறையாகும். 1959-க்குப் பின் வந்த திபெத்தியர்க்கு மைசூர் அரசாங்கம் பைலகுப்பையில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு அளித்தது. அங்கு அவர்கள் உழுது பயிரிட்டுத் தம் பள்ளிகளையும் மடங்களையும் அமைத்துக்கொண்டனர். ஈழத்தமிழர்க்கு அத்தகைய நிலம் அளிக்கப்படவில்லை. 2019-இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் பாக்கிசுத்தான், வங்கதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளினின்று வந்த குறித்த சில சமயத்தார்க்கு வழி திறந்தது. இலங்கை அப்பட்டியலில் இடம் பெறவில்லை.

பிறப்பால் வரும் குடியுரிமையிலும் ஒரு சிக்கல் உண்டு. 1987 சூலை 1-ஆம் நாளுக்கு முன் இந்திய மண்ணிற் பிறந்தோர், பொதுவிதியாக, பிறப்பாலேயே இந்தியர். அந்நாள் முதல் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராதல் வேண்டும். 2004 திசம்பர் 3 முதல் விதி மேலும் இறுகிற்று. ஆகவே ஒரே முகாமில், ஒரே தாய் வயிற்றிற் பிறந்த மூத்தவர் இந்தியராகவும் இளையவர் அயல்நாட்டாராகவும் இருத்தல் கூடும். 1986-இல் மண்டபம் முகாமிற் பிறந்த ஒருவர்க்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. மலைநாட்டு வழிவந்தோரின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிவோடு நோக்குதற்கு வழிகாட்டும் தீர்ப்பு ஒன்றையும் 2019-இல் அக்கிளையே வழங்கியிருந்தது. அருணாசலப் பிரதேசத்துச் சக்குமா மக்கள் வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம், உயிர்க்கும் உரிமைக்கும் அரசியலமைப்பு அளிக்கும் காவல் குடிகளுக்கு மட்டுமன்றி எல்லா மனிதர்க்கும் உரியது என வலியுறுத்திற்று.

இதற்கு மாறான குரலும் உண்டு. 2025 மே மாதத்தில் தண்டனை பெற்றிருந்த இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவைத் தள்ளுபடி செய்தபோது, எல்லா நாட்டு அகதிகளையும் ஏற்றுக்கொள்ளும் தருமசத்திரம் இந்தியா அன்று என்னும் கருத்து உச்சநீதிமன்றத்தில் வாய்மொழியாகக் கூறப்பட்டது. மக்கட்பெருக்கம் மிக்க நாடு எல்லையின்றி அனைவரையும் ஏற்றல் அரிது என்னும் அக்கவலை புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயின் உவமையை ஆராய்தல் வேண்டும். சேதுபதிகளும் நாயக்க அரசியரும் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினர். சத்திரத்தில் வழிப்போக்கர் சில நாள் தங்கிச் செல்வர். அங்கேயே பிறந்து பள்ளி சென்று பேரன் பேத்தி காண்பதில்லை. நாற்பதாண்டு தங்கியோரைச் சத்திரத்து விருந்தினராகக் கருதுதல் உவமைக்கும் ஒவ்வாது, உண்மைக்கும் ஒவ்வாது. இனி எவரை ஏற்பது என்பது ஒரு வினா. முன்னரே ஏற்கப்பட்டு இங்கே பிறந்தோரை என் செய்வது என்பது வேறு வினா. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புதல் ஆகாது.

அதே 2025-ஆம் ஆண்டில், 2015 சனவரி 9-ஆம் நாள்வரை இந்தியாவிற் புகலடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு, கடவுச்சீட்டும் நுழைவிசைவும் இன்மை பற்றிய தண்டனை விதிகளினின்று விலக்கு அளிக்கப்பட்டது. இது நல்லதொரு தொடக்கம். ஆயினும் குற்றவாளி அல்லர் எனக் கூறுதல் குடிமகன் எனக் கூறுதல் ஆகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். கரிசல் நிலம் மூன்று வகையாரை ஏற்றுள்ளது. முதல் வகையார் மொழியால் வேறுபட்டவர். நிலம் பெற்றமையால் குடியாயினர். அவர்களுள்ளும் நிலம் பெறாதார் ஓரத்தில் நின்றனர். இரண்டாம் வகையார் சான்றிதழோடு வந்தமையால், உதவி குறைவாயினும், குடிகளோடு கலந்தனர். மூன்றாம் வகையார் மொழியால் ஒன்றியவர், பரிவும் பெற்றனர். ஆயின் நிலமும் சான்றும் பெறாமையால் நாற்பதாண்டுக்குப் பின்னும் முகாமில் வாழ்கின்றனர். எனவே ஒருவரைக் குடியாக்குவது மொழி ஒற்றுமையன்று, மக்களின் இரக்கமும் அன்று. வேர்விடுதற்குரிய உரிமையே ஆகும். தமிழர் என்னும் உணர்வால் மட்டும் இச்சிக்கல் தீர்ந்துவிடும் எனக் கருதுவோர் இதனை நன்கு நோக்குதல் வேண்டும்.

தமிழ் ஆராய்ச்சி மாணவர்க்கு இத்துறையில் செய்யத்தக்க பணிகள் உள. 'கதைத்தல்' என்னும் யாழ்ப்பாண வழக்கும், மலைநாட்டுத் தோட்டப் பேச்சும், விருதுநகர்க் கரிசல் வழக்கும் முகாம்களில் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன. அக்கலப்பை முறையாகப் பதிவு செய்தல் வேண்டும். முதியோர் நினைவிலுள்ள பயண வரலாறுகளையும், அவர்கள் விட்டு வந்த ஊர்ப்பெயர்களையும், தோட்டப் பாடல்களையும் அவர்கள் உயிரோடிருக்கும் காலத்திலேயே தொகுத்தல் வேண்டும். புங்க மரம் வளைந்த கதை நானூறு ஆண்டுக்குப் பின் நமக்குக் கிடைத்தது, அக்குடியார் நிலைத்து வாழ்ந்து அதனைப் பேரர்க்குச் சொன்னமையாலேயே. படகில் வந்தோரின் கதையைச் சொல்லவும் அவர்தம் பேரர் இங்கே நிலைத்து வாழ்தல் வேண்டும்.

மாதரியின் சேரி அடைக்கலம் தந்தது. அரசவை நீதி தரத் தவறியது. அக்காப்பியத்தை ஆண்டுதோறும் பயிற்றுகின்ற நாம், கண்டியாபுரத்திலும் குல்லூர்சந்தையிலும் வாழ்வோர்க்கு மக்கள் தந்த அடைக்கலத்தைச் சட்டம் தரும் உரிமையாக நிறைவு செய்யுமாறு வேண்டுதல் கடமையாகும்.